முதுகுக்குப் பின்னால் யார்?

ஸ்டாலின்கிராடுக்கு மேலே வெளுத்துக் கிடக்கிறது குளிர்கால வானம். மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தின் இறுக்கமான காக்பிட். சற்று முன் இடது இறக்கைக்கு அடியில் நழுவிப்போன அந்த யாக் விமானம் இப்போது எங்கே? தலையை இடப்பக்கம் திருப்புகிறார் விமானி. விமானம் முழுக்கத் தெரிகிறது, வால் மட்டும் தெரியவில்லை. தலைக்குப் பின்னால் இருக்கும் கவசத் தகடு மறைக்கிறது. உடம்பைச் சாய்த்து, தகட்டின் ஓரமாக எட்டிப் பார்க்கிறார். வாலுக்குப் பின்னே ஒரு கரும்புள்ளி. அது பெரிதாகிக்கொண்டே வருகிறது. ஸ்டிக்கை வலப்பக்கம் ஒடித்து, வயிற்றோடு இழுக்கிறார். குண்டுகள் இடப்பக்கமாகக் கடந்து போகின்றன.

அதே நொடியில் அறைக்குள் நுழைந்து பார்ப்பவருக்குத் தெரிவது வேறு. நாற்காலியில் ஒருவர். ஹெட்போனின் இடது ஓரத்தில் மூன்று எல்இடி வைத்த சிறு கிளிப். மானிட்டரின் உச்சியில் ஒரு குட்டிக் கேமரா. முகம் ஜன்னல் பக்கம் கோணிக்கொண்டிருக்கிறது, கண்கள் மட்டும் திரையை விட்டு அகலவில்லை. கதவருகே நிற்கும் வீட்டார், ஆளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

இதற்குப் பெயர் ஹெட் டிராக்கிங். தலை எப்படி அசைகிறதோ அதற்கேற்ப விளையாட்டுக்குள் பார்வை திரும்பும். விமானம், டாங்கி, லாரி, ரேஸ் கார் என்று சிமுலேட்டர் விளையாடுபவர்கள் கூடும் இடத்தில் எல்லாம் இன்று அடிபடும் கேள்வி ஒன்றுதான். பழைய கருவியே போதுமா, கையில் இருக்கும் காசை இறக்கிப் புதியது வாங்கலாமா? கண் அசைவைப் பின்தொடரும் பட்டை வந்துவிட்டது, விஆர் கண்ணாடி வந்துவிட்டது, செல்போனே இந்த வேலையைச் செய்கிறது. விலையோ 0 ரூபாயிலிருந்து பல பத்தாயிரம் வரை.

53 டிகிரி வானம்

27 இன்ச் மானிட்டரின் அகலம் சுமார் 60 சென்டிமீட்டர். அதே 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், கண்ணுக்குக் கிடைப்பது 53 டிகிரி அகலமுள்ள ஒரு செவ்வகம். மனிதனின் இரு கண்களும் சேர்ந்து ஏறக்குறைய 200 டிகிரி பார்க்கும். கழுத்தையும் இடுப்பையும் திருப்பினால் வால் வரைக்கும் எட்டும். விமானச் சண்டையில் எதிரி அந்த 53 டிகிரிக்குள் வந்து நிற்பது அபூர்வம். வந்து நின்றால் அவன் அநேகமாகச் செத்துவிட்டான்.

ஆரம்ப காலத்தில் இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஜாய்ஸ்டிக்கின் தலையில் கட்டைவிரலுக்கு எட்டும் ஹாட் சுவிட்ச். எட்டுத் திசைக்கும் தள்ளலாம். ஆனால் அதே கட்டைவிரலுக்குத்தான் ஆயுதம் தேர்வதும், விமானத்தைச் சமன் செய்யும் டிரிம்மும் காத்திருக்கின்றன. இன்னொன்று பேட்லாக். ஒரு பொத்தானைத் தட்டினால் பார்வை எதிரியின் மேல் ஒட்டிக்கொள்ளும். 1998-இல் வந்த ஃபால்கன் 4.0 விளையாடியவர்களுக்கு இது பழக்கம். வசதிதான், ஆனால் தேடும் வேலையைக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. 2001-இல் வந்த ஐஎல்-2 ஸ்டுர்மோவிக்கில் பேட்லாக்கைத் தடுக்கவே தனி ஆப்ஷன் இருந்தது. ஆன்லைன் சண்டைகளில் கறாரானவர்கள் முதலில் அணைத்து வைப்பது அதைத்தான்.

அதே 2001-இல்தான் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கார்வாலிஸ் என்ற ஊரைச் சேர்ந்த நேச்சுரல்பாயிண்ட் நிறுவனம் டிராக்ஐஆர் என்ற கருவியைக் கொண்டுவந்தது. கையைப் பயன்படுத்த முடியாதவர்கள் தலை அசைவால் கர்சரை நகர்த்த உதவும் ஸ்மார்ட்நேவும் இதே நிறுவனத்துடையதுதான். அடிப்படைத் தொழில்நுட்பம் ஒன்றே. அடுத்த சில ஆண்டுகளில் சிமுலேட்டர் உலகில் ஹெட் டிராக்கிங் என்றாலே டிராக்ஐஆர் என்று ஆகிவிட்டது.

■ பெட்டிச் செய்தி: நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே

டிராக்ஐஆர் 4: சென்சார் 355 x 288 பிக்சல். பார்வைக் கோணம் 46 டிகிரி. நொடிக்கு 120 ஃபிரேம்.

டிராக்ஐஆர் 5 (2009): சென்சார் 640 x 480 பிக்சல், அதாவது மூன்று மடங்கு. பார்வைக் கோணம் 51.7 டிகிரி. நொடிக்கு அதே 120 ஃபிரேம்.

கிளிப் இரண்டு வகை. தொப்பியில் மாட்டும் பிரதிபலிப்புக் கிளிப்புக்கு வயர் கிடையாது. ஹெட்போனில் மாட்டும் எல்இடி கிளிப்புக்கு யுஎஸ்பி வயர் உண்டு.

நேச்சுரல்பாயிண்டை 2017-இல் சீனாவின் லெயார்ட் குழுமம் வாங்கியது. திரைப்படங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் உடல் அசைவைப் பதிவு செய்யும் ஆப்டிடிராக் கேமராக்களும் இதே நிறுவனத்தின் தயாரிப்புதான்.

மூன்று புள்ளிகள் போதும்

கேமராவுக்கு உங்கள் முகம் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் மூன்று புள்ளிகள் தெரிந்தால் போதும். அந்த மூன்றுக்கும் இடையிலான தூரம் முன்கூட்டியே தெரியும் என்பதால், படத்தில் அவை நெருங்குவதையும் விலகுவதையும் கோணுவதையும் வைத்துத் தலை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். இடவலம் திரும்புவது, மேலும் கீழும் பார்ப்பது, தோள்பக்கம் சாய்ப்பது, முன்பின் நகர்வது, பக்கவாட்டில் நகர்வது, எழும்பித் தாழ்வது என்று ஆறும் கிடைத்துவிடும். அந்த மெஸ்ஸர்ஷ்மிட் விமானி கவசத் தகட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தது, பக்கவாட்டு நகர்வும் திரும்பலும் சேர்ந்ததால்.

அகச்சிவப்பைத் தேர்ந்ததற்குக் காரணம் இருட்டு. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு விளையாடினாலும் எல்இடி பளிச்சென்று தெரியும். தொல்லை வருவது பகலில். சூரிய ஒளியிலும், இழை எரியும் பழைய குண்டு பல்பிலும் அகச்சிவப்பு ஏராளம். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தால் கேமராவுக்கு மூன்று புள்ளிக்குப் பதில் முப்பது தெரியும், காக்பிட் ஆட்டம் காணும். இதைக் கருவியின் கோளாறு என்று எண்ணி அடுத்த மாடலைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. அதற்கு மருந்து ஒரு திரைச்சீலை.

வேகம் என்ற கணக்கும் இருக்கிறது. நொடிக்கு 120 ஃபிரேம் என்றால் 8.3 மில்லிசெகண்டுக்கு ஒரு படம். 30 ஃபிரேம் எடுக்கும் சாதாரண வெப்கேமில் 33 மில்லிசெகண்டுக்கு ஒன்று. அதுவும் வெளிச்சம் குறைந்தால் வெப்கேம் தானாகவே ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொண்டு 15-க்கு இறங்கிவிடும். தலை திரும்பிய பிறகு பார்வை பின்னால் ஓடி வருவதுபோல் தோன்றும். லாரி ஓட்டும்போது பரவாயில்லை, வானத்தில் எரிச்சலாக இருக்கும்.

எல்லாம் அந்தக் கோட்டில்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வாசகர் எடுத்துக்கொண்டு போவார் என்றால், அது கர்வ்வாக இருக்கட்டும். மென்பொருளைத் திறந்தால் ஒரு வரைபடம் வரும், அதில் ஓடும் கோடுதான் கர்வ். கிடை அச்சு நிஜத் தலை திரும்பும் அளவு, நிற்கும் அச்சு விளையாட்டுக்குள் பார்வை திரும்பும் அளவு. இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தால், பின்னால் பார்க்க நீங்களும் முழுக்கத் திரும்ப வேண்டும். அப்போது திரை உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

ஆகவே பெருக்கல். தலை 35 டிகிரி திரும்பினால் பார்வை 180 டிகிரி. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவு பெருக்கினால் மூச்சு விடும்போது கூடக் குறிப்பார்க்கும் வட்டம் நடுங்கும். அனுபவசாலிகள் செய்வது இதுதான். நேர் எதிரே, இருபக்கமும் இரண்டு மூன்று டிகிரிக்கு எதுவும் அசையாத டெட்ஸோன். அதைத் தாண்டியதும் கோடு மெல்ல ஏறும், மீட்டர்களையும் சுவிட்சுகளையும் பார்க்கும் பகுதி அது. ஓரத்துக்குப் போகப் போக செங்குத்தாகும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கிளிப் ஹெட்போனின் இடது ஓரத்தில் இருக்கும்போது, இடப்பக்கம் ஓர் அளவுக்கு மேல் திரும்பினால் முகமே எல்இடிக்களை மறைத்துவிடும். இடப்பக்கக் கோட்டை இன்னும் கொஞ்சம் செங்குத்தாக வைத்தால் அந்த எல்லைக்கு முன்பே வால் தெரிந்துவிடும்.

அத்தோடு ஸ்மூத்திங். கூட்டினால் நடுக்கம் போகும், தாமதம் வரும். குறைத்தால் தாமதம் போகும், நடுக்கம் வரும். தலை நிற்கும்போது அதிகமாகவும் வேகமாகத் திரும்பும்போது குறைவாகவும் வேலை செய்யும் வடிகட்டிகள் இலவச மென்பொருளிலேயே இருக்கின்றன. கருவியை மாற்றியவர்கள் உணரும் முன்னேற்றத்தில் பாதி, புதுக் கருவிக்காக உட்கார்ந்து கர்வ்வைத் திருத்தியதால் வந்தது என்பது என் கணிப்பு.

நெகட்டிவ் ஃபிலிமும் ஃப்ளாப்பியும்

ஒரே நிறுவனத்தின் கையில் சாவி இருந்தால் யாராவது பூட்டைக் குடைந்துதானே பார்ப்பார்கள்? 2007 டிசம்பரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஜானி சங் லீ ஒரு வீடியோ வெளியிட்டார். நின்டெண்டோ வீ ரிமோட்டைத் திரையோரம் வைத்து, எல்இடி மாட்டிய கண்ணாடியை அணிந்து அவர் நகர, திரைக்குள் இருந்த காட்சி ஜன்னல் வழியே பார்ப்பதுபோல் ஆழம் காட்டியது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான மேசைகளில் சால்டரிங் அயர்ன் சூடேறியது.

அடுத்து மாட்டியது சோனியின் பிஎஸ்3 ஐ கேமரா. விலை குறைவு, 640 x 480 அளவில் நொடிக்கு 60 ஃபிரேம், அளவைப் பாதியாக்கினால் 120. லென்ஸுக்குப் பின்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் சின்னக் கண்ணாடித் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதற்குப் பதில் சாதாரண வெளிச்சத்தைத் தடுக்க எதையாவது வைக்க வேண்டும். பழைய ஃப்ளாப்பியை உடைத்து உள்ளே இருக்கும் கருநிற வட்டை வெட்டி வைத்தார்கள். கழுவிய ஃபிலிம் ரோலின் முனையில் இருக்கும் கருத்த துண்டை வைத்தவர்களும் உண்டு. தூக்கிப் போட வேண்டிய இரண்டு பொருள்கள் நூறு டாலருக்கு மேல் விலையுள்ள கருவிக்குப் போட்டியாக நின்றன.

மென்பொருள் பக்கத்தில் ஃப்ரீடிராக் வந்தது. டிராக்ஐஆருக்காக விளையாட்டுகளில் வைத்திருந்த வாசல் வழியாகவே அதுவும் நுழைந்தது. நேச்சுரல்பாயிண்டுக்கு இது பிடிக்கவில்லை. புதிய விளையாட்டுகளுக்கு அனுப்பும் தரவைக் குறியாக்கம் செய்தது. தன் உழைப்பில் எழுதிய வாசல் என்பது அதன் நியாயம். தலையைத் திருப்புவதற்கு ஒரு கம்பெனியிடம் அனுமதியா என்பது எதிர்த்தரப்பு. 2009-இல் செக் நாட்டின் பொஹீமியா இன்டராக்டிவ், தன் ஆர்மா 2 விளையாட்டில் ஃப்ரீடிராக்குக்கும் தனியே இடம் கொடுத்தது. இன்று ஓபன்டிராக் என்ற திறந்தமூல மென்பொருள் அநேகமாக எல்லாக் கருவிகளிலிருந்தும் தரவை வாங்கி, விளையாட்டுக்குப் புரியும் வடிவில் கொடுக்கிறது. எல்இடி எதுவும் இல்லாமல், வெறும் வெப்கேமில் தெரியும் முகத்தை நியூரல் நெட்வொர்க் கொண்டு பின்தொடரும் வசதியும் அதிலேயே இருக்கிறது. காசு கிடையாது.

■ பெட்டிச் செய்தி: நிஜ வானத்தில்

பார்வைக்காக விமானத்தையே வெட்டியிருக்கிறார்கள். சோவியத் யாக்-1-இன் முதுகு உயர்ந்து பின்பார்வையை மறைத்தது. யாக்-1பி-யில் அந்த முதுகைத் தாழ்த்தினார்கள். அமெரிக்காவின் பி-51 மஸ்டாங், டி வகையில் குமிழ்க் கூரைக்கு மாறியது.

மிக்-29 விமானிகள் 1980-களிலேயே ஹெல்மெட்டில் குறிபார்க்கும் கருவி அணிந்து, தலையைத் திருப்பி ஆர்-73 ஏவுகணைக்கு இலக்கைக் காட்டினார்கள். 1990-இல் ஜெர்மனி இணைந்தபோது கிழக்கு ஜெர்மனியின் மிக்-29-கள் நேட்டோ கைக்கு வந்தன. அவற்றோடு பயிற்சிச் சண்டை போட்ட பிறகுதான் மேற்கத்திய நாடுகளுக்கு அதன் வலிமை உறைத்தது.

எஃப்-35 ஹெல்மெட்டின் விலை சுமார் 4 லட்சம் டாலர். விமானத்தைச் சுற்றியுள்ள ஆறு கேமராக்களின் படம் விமானியின் கண்முன் விரியும். குனிந்தால் தரையே தெரியும்.

கோவையை அடுத்த சூலூர் தளத்துக்கு 2018-இல் வந்து சேர்ந்த தேஜஸ் விமானங்களிலும் இஸ்ரேலின் எல்பிட் தயாரித்த டேஷ் ஹெல்மெட் இருக்கிறது.

காசு கொடுத்தவனுக்குக் கண்ணா?

ஆன்லைன் போர் விளையாட்டுகளில் ஹெட் டிராக்கிங் வெறும் வசதி அல்ல, அனுகூலம். ஆர்மா 3-இல் துப்பாக்கியை ஒரு வாசலை நோக்கிப் பிடித்தபடியே பக்கத்துக் கூரையைப் பார்க்கலாம். மவுஸ் வைத்திருப்பவரும் ஒரு விசையை அழுத்திப் பார்க்கலாம்தான். ஆனால் அந்த நொடியில் அவர் கை பார்வைக்குப் போய்விடுகிறது, குறி வைக்க முடிவதில்லை. டிசிஎஸ் வேர்ல்டில் இரண்டு எஃப்-16-கள் வட்டமடித்துச் சண்டையிடும்போது, எதிரியை ஒரு முறை கண்ணிலிருந்து விட்டால் ஆட்டம் முடிந்தது. ஹாட் சுவிட்ச்காரரின் பார்வை படிப்படியாகத் தாவும், ஹெட் டிராக்கிங்காரரின் கண் எதிரியோடு வழுக்கிக்கொண்டே போகும்.

பேட்லாக்கைத் தடுத்த சர்வர்காரர்கள் இதை ஏன் தடுக்கவில்லை? தேடுவது மனிதன், கம்ப்யூட்டர் அல்ல என்பது ஒரு காரணம். திரைக்கு வெளியே யார் எப்படித் திரும்பினார் என்று சர்வருக்குத் தெரியவும் வழியில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக இந்த ஏற்றத்தாழ்வு அப்படியே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதைக் குறைத்தது எந்த விதிமுறையும் அல்ல, லேப்டாப் மூடியில் ஏற்கெனவே இருக்கும் கேமராதான். வார் தண்டரின் சிமுலேட்டர் சண்டைகளில் காக்பிட்டுக்கு உள்ளிருந்துதான் பார்க்க வேண்டும். அங்கே கையில் காசில்லாத கல்லூரி மாணவரும் இப்போது வாலைப் பார்க்கிறார்.

பலன் போர்க்களத்தோடு நிற்கவில்லை. யூரோ டிரக் சிமுலேட்டர் 2-இல் நீண்ட டிரெய்லரைப் பின்னோக்கி நகர்த்தி கிடங்கு வாசலில் நிறுத்த வேண்டும். கண்ணாடியைப் பார்த்து, தலையைச் சாய்த்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, மறுபடி கண்ணாடி. கீபோர்டில் அந்த வேலையைச் செய்தவர்கள்தான் இதன் அருமையைச் சொல்ல வேண்டும்.

கழுத்து கேட்கும் விலை

விஆர் வந்துவிட்டதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு. விஆரில் ஆழமும் தூரமும் தெரியும், அதை எந்த கிளிப்பும் தராது. ஆனால் அங்கே பெருக்கல் இல்லை. வாலைப் பார்க்க நிஜமாகவே வால் வரை திரும்ப வேண்டும், அதுவும் முகத்தில் அரைக் கிலோ எடையோடு. மெட்டா குவெஸ்ட் 3-இன் எடை 515 கிராம். ஒரு மணி நேரச் சண்டைக்குப் பிறகு கழுத்து நோவு நிச்சயம். விஆர் நெக்சேஃபர் என்ற மென்பொருளைச் சிலர் இதற்காகவே போட்டுக்கொள்கிறார்கள். ஓரளவுக்கு மேல் தலை திரும்பினால் மீதியை அதுவே திருப்பிவிடும். அதாவது, விஆருக்குள்ளும் பழைய கர்வ் தேவைப்பட்டுவிட்டது. தவிர விஆருக்கு ஈடுகொடுக்கும் கிராஃபிக்ஸ் கார்டின் விலை கையைக் கடிக்கும். எதிரே இருக்கும் கீபோர்டும் காபியும் கண்ணுக்குத் தெரியாது.

கிளிப் ஹெட் டிராக்கிங்கிலும் கழுத்துக்குத் தொல்லை இல்லாமல் இல்லை. முகம் ஒரு பக்கம், கண் மறுபக்கம் என்று கோணி உட்காருவது இயல்பான நிலை அல்ல. மானிட்டர் உயரமாக இருந்தால் இன்னும் மோசம். வலி வந்தவர்கள் முதலில் செய்ய வேண்டியது கர்வ்வைச் செங்குத்தாக்குவது, தலை 25 டிகிரி திரும்பினால் போதும் என்ற அளவுக்கு. கழுத்தைப் பாதியளவுகூடத் திருப்ப முடியாதவர்களுக்கும் இதே வழிதான். நாலைந்து டிகிரி அசைவு மட்டுமே சாத்தியம் என்பவருக்கு அதை முழு வானமாக விரிக்க மென்பொருளில் தடையேதும் இல்லை. கண் அசைவுக் கருவிகள் செய்யும் ஸ்வீடன் நிறுவனமான டோபி, பேச முடியாதவர்கள் கண்ணால் எழுத உதவும் சாதனங்களோடு வளர்ந்த நிறுவனம். சிமுலேட்டர்காரர்கள் வாங்கும் ஐ டிராக்கர் 5 (2020) அந்த வம்சத்தில் வந்ததே.

எதை மாற்றுவது?

ஒன்றுமே இல்லாதவர் ஓபன்டிராக்கையும் வெப்கேமையும் வைத்துத் தொடங்கட்டும். முகத்துக்கு எதிரே ஒரு டியூப்லைட் இருந்தால் ஃபிரேம் விழாது. ஐபோன் டென்னிலிருந்து வந்த முகம் அறியும் ஃபோன் இருந்தால் ஸ்மூத்டிராக் போன்ற ஆப் வழியாக அதையே கேமராவாக்கலாம். வாரக்கணக்கில் விளையாடியும் அலுக்கவில்லை என்றால் அப்புறம் காசைப் பற்றி யோசிக்கலாம்.

சால்டரிங் தெரிந்தவர்களுக்கு மூன்று எல்இடியும் ஒரு ரெசிஸ்டரும் போதும். எஸ்எஃப்எச் 485 பி என்ற எல்இடியைக் கடையில் கேளுங்கள். அதன் ஒளி அகலமாகப் பரவுவதால் தலை திரும்பினாலும் கேமராவுக்கு மறையாது. சாதாரண டிவி ரிமோட் எல்இடி குறுகலாக அடிக்கும், அரத்தால் அதன் தலையைத் தேய்த்து மழுக்க வேண்டியிருக்கும்.

டிராக்ஐஆர் 4 வைத்திருப்பவர் 5-க்குப் போக வேண்டுமா? முன்பின் சாயும்போது கேமராவின் ஓரத்தில் புள்ளி தொலைகிறது என்றால், அல்லது தள்ளி உட்கார்ந்து பிரதிபலிப்புக் கிளிப் பயன்படுத்துகிறவர் என்றால் வித்தியாசம் தெரியும். இல்லாவிட்டால் எல்இடி கிளிப்பை மட்டும் வாங்குங்கள், பிரதிபலிப்புக் கிளிப்பிலிருந்து அதற்கு மாறுவதே பெரிய தாவல். ஒன்று, அதன் வயர் மெல்லியது. ஹெட்போன் வயரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், நாற்காலிச் சக்கரம் அதன் மேல் ஏறாமல் இருக்கும்.

தலையில் எதுவும் மாட்டப் பிடிக்காதவருக்கு டோபி. மானிட்டருக்குக் கீழே ஒரு பட்டை, அவ்வளவுதான். ஆனால் அது 16:9 மானிட்டரில் 27 இன்ச் வரைக்கும்தான், 43 இன்ச் டிவியில் விளையாடுபவருக்கு ஆகாது.

கடைசியாக, எதை வாங்குவதானாலும் நீங்கள் விளையாடும் விளையாட்டு எத்தனை அசைவை ஏற்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். டிசிஎஸ் வேர்ல்ட் ஆறையும் ஏற்கும். 2001-இல் வந்த ஐஎல்-2 தலை திரும்புவதை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. எவ்வளவு விலை கொடுத்து என்ன வாங்கி மாட்டினாலும், அதில் அந்தக் கவசத் தகட்டைத் தாண்டி எட்டிப் பார்க்க முடியாது.